துவாரெக் பாலைவனக் கிட்டார் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துவாரெக் மக்கள் யார்?

சகாராவின் நடுப்பகுதியிலும் தெற்கு விளிம்பிலும் வாழும் மேய்ச்சல் சமூகம். மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா, புர்கினா ஃபாசோ என்று ஐந்து நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். பேச்சு தமாஷெக், எழுத்து திஃபினாக். ஒட்டகமும் ஆடும் உப்பு வணிகமும் நெடுங்காலப் பிழைப்பு. 1960ல் மாலியும் நைஜரும், 1962ல் அல்ஜீரியாவும் பிரான்சிடமிருந்து விடுபட்டபோது புதிய எல்லைகள் மேய்ச்சல் தடங்களுக்குக் குறுக்கே விழுந்தன. தாத்தா காலத்திலிருந்து தண்ணீர் காட்டிய கிணறு திடீரென்று வேறொரு நாட்டுக்குள் போய்விட்டது.

இது பழங்கால நாட்டுப்புற இசைதானே?

இல்லை. துவாரெக் கிட்டார் இசைக்கு வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை. 1970களின் கடைசியில், சொந்த ஊரைவிட்டு அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் கூலி வேலைக்கு அலைந்த இளைஞர்கள் உருவாக்கியது இது. ஊரிலேயே இருந்திருந்தால் இந்த இசை பிறந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

ஆனால் வேர் பழையது. மூன்று பழைய கருவிகளைத் தெரிந்துகொண்டால் கிட்டாரில் கேட்பதில் பாதி புரிந்துவிடும்.

முதலாவது திந்தே. தானியம் குத்தும் உரல்தான். அதன் வாயில் ஈரமான ஆட்டுத்தோலைப் போர்த்தி, இரு பக்கமும் இரண்டு உலக்கைகளைக் கிடையாக வைத்துக் கயிற்றால் பிணைப்பார்கள். உலக்கைகளின் மேல் பெண்கள் உட்கார்ந்தால் அவர்கள் பாரத்தில் தோல் இறுகும். தோல் காயக் காய ஒலி மாறும். தண்ணீர் தெளித்துச் சரிசெய்வார்கள். பாட்டு முடிந்ததும் தோலைக் கழற்றினால் மறுபடி உரல். சுற்றி நிற்கும் பெண்கள் கைதட்டிக் குலவையிட்டுப் பாடுவார்கள்.

இரண்டாவது இம்ஸாத். சுரைக்குடுவையின் பாதியில் ஆட்டுத்தோல் கட்டி, குதிரைமயிரால் ஒரே ஒரு தந்தி பூட்டி, வில்லால் இழைப்பது. பெண்கள் மட்டுமே வாசிப்பார்கள். 2013ல் அல்ஜீரியா, மாலி, நைஜர் மூன்றின் பெயரிலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மூன்றாவது தெஹர்தெந்த், தோல் போர்த்திய படகு வடிவ மூன்று தந்தி வாத்தியம். கைவினைச் சாதியைச் சேர்ந்த பாணர்களுடையது.

கிட்டாரில் விரல் ஓடும் விதம் தெஹர்தெந்திலிருந்தும், இழுத்து அசைக்கும் குழைவு இம்ஸாதிலிருந்தும், நடை திந்தேயிலிருந்தும் வந்தவை.

ஏன் ஊரைவிட்டுப் போனார்கள்?

துப்பாக்கி ஒரு காரணம், வறட்சி இன்னொரு காரணம்.

1963ல் வடக்கு மாலியின் கிடால் பகுதியில் துவாரெக் மக்கள் புதிய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். ராணுவம் கடுமையாக ஒடுக்கியது. பலர் அல்ஜீரியாவுக்குத் தப்பினர். இந்த இசையின் முன்னோடிக் குழுவான தினாரிவெனின் நிறுவனர் இப்ராஹிம் ஆக் அல்ஹபீபுக்கு அப்போது நான்கு வயது. தன் தந்தை கொல்லப்படுவதை அவர் நேரில் பார்த்தார். (பெயரின் நடுவில் வரும் 'ஆக்' என்பது 'இன்னாரின் மகன்' என்று காட்டுவது. அல்ஹபீப் அவருடைய தகப்பன் பெயர்.)

பிறகு 1968 முதல் 1974 வரை ஒரு கொடிய வறட்சி, 1984–85ல் மறுபடி ஒன்று. மந்தைகள் செத்தன. மேய்ச்சல்காரனுக்கு மந்தைதான் சொத்து, சேமிப்பு, சீதனம் எல்லாம். அது போனபின் கூடாரத்தில் உட்கார்ந்திருக்க வழியில்லை. இளைஞர்கள் தெற்கு அல்ஜீரியாவின் தமன்ராசெட்டுக்கும் லிபிய நகரங்களுக்கும் நடந்தும் லாரியேறியும் போனார்கள். கட்டட வேலை, தோட்ட வேலை, காவல் வேலை, கடத்தல் என்று கிடைத்ததைச் செய்தார்கள். பாஸ்போர்ட் இல்லை, பள்ளிப் படிப்பு இல்லை. இந்தத் தலைமுறைக்கு 'இஷுமார்' என்று பெயர் விழுந்தது. வேலையில்லாதவர் என்னும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. ஏளனப் பெயரை அவர்களே எடுத்துப் பூட்டிக்கொண்டார்கள். நைஜரில் இந்த இசையை இன்றும் இஷுமார் இசை என்றே சொல்பவர்கள் உண்டு.

முதல் கிட்டார் எங்கிருந்து வந்தது?

இப்ராஹிம் சிறுவயதில் ஒரு கௌபாய் படத்தில் கிட்டாரைப் பார்த்தார். தகர டின், ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தானே ஒன்றைச் செய்தார். உண்மையான கிட்டார் கைக்கு வந்தது 1979 வாக்கில், தமன்ராசெட்டில். அங்கே இன்தெயெதென், ஹசன் போன்ற நண்பர்களோடு கல்யாணங்களிலும் விருந்துகளிலும் வாசித்தார். மக்கள் 'கெல் தினாரிவென்' என்றார்கள், பாலைவனத்துப் பையன்கள் என்ற பொருளில்.

அப்படி ஒரு டின் கிட்டாரை இன்று நாமே செய்ய முடியுமா?

முடியும். ஒரு மதிய வேலைதான், ஆனால் சில இடங்களில் தவறும்.

5 லிட்டர் எண்ணெய் டின் ஒன்று, 90 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள கெட்டிமரச் சட்டம் ஒன்று, சைக்கிள் பிரேக்கின் உள்கம்பி ஒன்று. இந்த உள்கம்பி பெரும்பாலும் 1.5 மி.மீ. தடிமனில் 19 இழைகளை முறுக்கியது. பிரித்தால் ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ 0.3 மி.மீ. இருக்கும், கடையில் 0.012 அங்குலம் என்று விற்கும் கிட்டார் கம்பியின் அளவு அது.

சட்டத்தை டின்னின் ஒரு முனையில் ஒட்டவைத்தால் போதாது. டின்னை ஊடுருவி மறுபக்கம் 3 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்பியின் இழுவையை மரம் தாங்கும், தகரம் தாங்காது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: கழுத்தைத் தகரத்தில் ஆணியடித்துவிடுவார்கள், ஒரு மணி நேரத்தில் டின் நசுங்கிக் கம்பி தொய்ந்துவிடும்.

நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி படியும் மேடு) குதிரைக்கும் (டின்னின் மேல் கம்பியைத் தாங்கும் துண்டு) இடையே 62 முதல் 65 செ.மீ. விடுங்கள். ஒற்றை இழைக் கம்பி இரண்டு; இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய கம்பி ஒன்று. முறுக்கியதை டி சுரத்துக்கும், மற்ற இரண்டை ஜி, ஏ சுரங்களுக்கும் கூட்டினால் ஒவ்வொன்றிலும் 3 முதல் 5 கிலோ இழுவை வரும். கிட்டாரின் முதல் கம்பியைப்போல ஈ வரை ஏற்றினால் அதே இழை 10 கிலோ வாக்கில் இழுக்கும். கம்பி அறாது, குதிரைக்கடியில் தகரம் குழியும். குதிரையின் அடியில் 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு மெல்லிய பலகைத் துண்டை வைத்தால் பாரம் பரவும். கம்பியை முறுக்கும் முறுக்காணி வழுக்கினால் சாக்பீஸ் தூள் தடவுங்கள். இழை முனைகள் ஊசிபோலக் குத்தும், வளைத்து மடக்கிவிடுங்கள்.

கேசட்டுகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

வானொலி அவர்கள் கையில் இல்லை. பத்திரிகை இல்லை. பலருக்கு எழுத்தும் இல்லை. ஆகவே கேசட்டே கடிதம், செய்தித்தாள், மேடை.

1980ல் கடாஃபி, லிபியாவில் ஆவணமின்றி இருந்த துவாரெக் இளைஞர்களைப் படைப் பயிற்சிக்கு அழைத்தார். 1980களின் நடுவில் துவாரெக் தலைவர்கள் நடத்திய முகாமிலும் பலர் சேர்ந்தார்கள். 'ஜாப்பனே' என்று அழைக்கப்பட்ட முகமது ஆக் இத்லால், கெத்து ஆக் ஓசாத் போன்ற கவிஞர்களும் வாசிப்பவர்களும் இப்ராஹிமோடு ஒன்றுகூடியது அந்த முகாம்களில்தான். வெற்றுக் கேசட் கொண்டுவரும் யாருக்கும் காசு வாங்காமல் பாடிப் பதிந்து கொடுப்பது என்று தினாரிவென் முடிவு செய்தது. அந்தக் கேசட் லாரி ஓட்டுநர் பையில் எல்லை தாண்டும். போய்ச்சேர்ந்த இடத்தில் இன்னொன்றாக நகலாகும்.

ஒலிநாடா ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் தேயும்: உச்ச ஒலிகள் மங்கும், இரைச்சல் ஏறும், பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்தால் வேகமும் சுருதியும் மாறும். ஐந்தாவது, ஆறாவது நகலில் கிட்டாரின் நுணுக்கம் போய்க் குரலும் தாளமும்தான் மிஞ்சும். ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதும், கூட்டுக்குரல் அதை வாங்கிச் சொல்வதும் இந்தத் தேய்மானத்திலும் பாட்டைக் காப்பாற்றின.

மாலி அரசு இந்தக் கேசட்டுகளைத் தடைசெய்தது. 1990 ஜூனில் மாலியில் மறுபடி கிளர்ச்சி வெடித்தபோது இசைக்காரர்களில் சிலரும் துப்பாக்கி ஏந்தினார்கள்.

அப்படியானால் இது போர் இசையா?

ஒரு பகுதி, ஒரு காலத்தில். ஒரு கையில் கிட்டார், மறு கையில் துப்பாக்கி என்ற படத்தை வெளிநாட்டு ஊடகங்கள் விரும்பி ஒட்டிக்கொண்டன. பாடல்களைக் கேட்டால் வேறு செய்தி கிடைக்கும். தோழர்களை விளித்து ஒற்றுமை கேட்கும் பாட்டுகள், தாகம், தாயின் நினைவு, காதலி, தூரத்துக் கூடாரத்தின் தீ, பிரிந்து சண்டையிடும் தலைவர்கள் மேல் கோபம், இவைதான் அதிகம். 'அசூஃப்' என்ற சொல் அடிக்கடி வரும். ஊரை விட்டவனின் ஏக்கம், தனிமை, இரவில் கூடாரத்துக்கு வெளியே விரியும் வெறுவெளி எல்லாம் அதற்குள் அடக்கம்.

1996 மார்ச்சில் திம்புக்துவில் ஏறத்தாழ 3,000 துப்பாக்கிகளைக் குவித்து எரித்தார்கள். அதற்கு முன்பே தினாரிவென் உறுப்பினர்கள் ஆயுதத்தை விட்டு முழுநேர இசைக்கு வந்துவிட்டார்கள்.

இதை 'பாலைவன ப்ளூஸ்' என்று சொல்லலாமா?

இசைத்தட்டு விற்பவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை முதன்முதலில் கேட்டது 2001ல் வெளிநாட்டுப் பயணம் தொடங்கிய பிறகுதான் என்று தினாரிவென் உறுப்பினர்கள் சொல்லியிருக்கிறார்கள். முகாம்களில் அவர்கள் கேட்டு வளர்ந்தது மொராக்கோவின் நாஸ் எல் கிவானே குழு, ராய் என்னும் அல்ஜீரியப் பாப் இசை, மாலியின் கிட்டார் கலைஞர் அலி ஃபர்க்கா தூரே. கேசட்டில் வந்த சந்தானா, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், ஹென்ட்ரிக்ஸ், போனி எம் ஆகியோரும் உண்டு. அடிமைக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்க இசை அமெரிக்கா போய் ப்ளூஸானது. ஆகவே இரண்டுக்கும் ஒரே முன்னோர் இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகச் சொல்வது தவறு.

கிட்டாரில் வாசிக்க எங்கே தொடங்குவது?

வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ சுருதிக் கூட்டலே போதும். பிக் (மீட்டும் வில்லை) வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்.

ஐந்தாம் கம்பியை (ஏ) அழுத்தாமல் கட்டைவிரலால் தொடர்ந்து தட்டுங்கள். இது தம்பூரா சுருதியைப்போலப் பாட்டு முழுவதும் ஓயாமல் நிற்க வேண்டும். உள்ளங்கையின் விளிம்பைக் குதிரையருகே லேசாக வைத்து ஒலியை அடக்கினால் திந்தேயின் 'தும்' கிடைக்கும்.

மெலடிக்கு ஐந்து சுரங்கள்: ஏ, சி, டி, ஈ, ஜி. கர்நாடக இசை தெரிந்தவர்கள் சுத்த தன்யாசி என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சுரங்கள் அதேதான், பிடிகள் வேறு. இடங்கள் ('கட்டை' என்பது கழுத்தின் குறுக்கே உலோகக் கம்பிகள் பிரிக்கும் ஒவ்வோர் இடம்): மூன்றாம் கம்பி திறந்த நிலை ஜி, இரண்டாம் கட்டையில் ஏ, இரண்டாம் கம்பி முதல் கட்டையில் சி, மூன்றாம் கட்டையில் டி, முதல் கம்பி திறந்த நிலை ஈ, மூன்றாம் கட்டையில் ஜி, ஐந்தாம் கட்டையில் மேல் ஏ.

அடுத்து அலங்காரம். சி சுரத்தை மீட்டி, மறுபடி மீட்டாமலே இன்னொரு இடக்கை விரலை மூன்றாம் கட்டையில் குத்தி டி எடுங்கள். பிறகு அந்த விரலைக் கம்பியைச் சுண்டியபடி எடுத்துச் சி சுரத்துக்குத் திரும்புங்கள். ஜியிலிருந்து ஏ, ஈயிலிருந்து ஜி என்று இதையே பழகுங்கள். ஒரு மீட்டலில் மூன்று சுரம் வரும்வரை வேகம் கூட்ட வேண்டாம்.

நடை பெரும்பாலும் திஸ்ரம். மெட்ரோநோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து ஒவ்வோர் அடிக்கும் மூன்று எண்ணுங்கள். கட்டைவிரல் அடியில் விழட்டும், மெலடி அடிக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கட்டும். கைதட்டலும் அடியின் மேலேயே விழாது.

குரலுக்கு ஏற்றபடி சுருதி மாற்ற கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே கட்டையில் அழுத்தும் கவ்வி) போட்டுக்கொள்ளலாம். சிலர் ஆறாம் கம்பியை ஈயிலிருந்து ஜிக்கு ஏற்றுவார்கள். அலி ஃபர்க்கா தூரே அப்படித்தான் வாசித்தார். மூன்று அரைச்சுரம் ஏற்றினால் இழுவை 41 சதவீதம் கூடும். 0.046 அங்குலக் கம்பியைக் கழற்றி 0.038 போட்டால் பழைய இழுவையே கிடைக்கும், கழுத்தும் வளையாது.

வாசித்தாலும் ப்ளூஸ் போலவோ ராக் போலவோதான் கேட்கிறது. ஏன்?

முதல் காரணம் கார்டு (chord), அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. கார்டு மாற்றியதும் சுருதியின் நிலை போய்விடும். இரண்டாவது, கம்பியை மேலே தள்ளி வளைப்பது. இங்கே குழைவு குத்தலிலும் சுண்டலிலும் வருகிறது. மூன்றாவது, தனி ஆவர்த்தனம்போல நீண்ட சோலோ. நைஜரின் கிட்டார் கலைஞர் ம்தூ மொக்தார் நீண்ட சோலோ வாசிக்கிறாரே என்று கேட்கலாம்; அவர் வாசிப்பதைப் பாதி வேகத்தில் கேளுங்கள், அடியில் பாட்டின் வரியே சுற்றிச் சுற்றி வருவது தெரியும். இரண்டு கிட்டார் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மெட்டை வாசித்து, சின்னச் சின்ன இடங்களில் மட்டும் விலக வேண்டும்.

பாலைவனத்தில் மின்சாரத்துக்கும் மணலுக்கும் என்ன செய்கிறார்கள்?

ஜெனரேட்டர், கார் பேட்டரி, இப்போது சோலார். கிடாலின் திஸ்தாஸ் வானொலி நிலையத்தில் தினாரிவென் பதிந்து 2001ல் வந்த முதல் உலக வெளியீட்டுக்கு மாலை 7 மணி முதல் நள்ளிரவு வரைதான் மின்சாரம் கிடைத்தது.

மணல் வால்யூம் குமிழுக்குள் புகுந்து கரகரக்கும். எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். மரம் வறண்டு சுருங்கினால் கட்டைகளின் உலோக முனைகள் துருத்திக் கையைக் கிழிக்கும்; அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை விரியும். ஒட்டுப்பலகைக் கிட்டார் ஒலியில் ஒரு படி குறைவென்றாலும் வறட்சியைத் தாங்கும்.

பெண்கள் வாசிப்பதில்லையா?

இம்ஸாதும் திந்தேயும் பெண்களுடையவை, கிட்டார் ஆண்கள் கையில் வளர்ந்தது. அந்த வழக்கத்தை நைஜரின் இல்லிகதாத் கிராமத்து ஃபாத்து செய்தி காலி மாற்றினார். அண்ணனின் கிட்டாரை எடுத்துத் தானே பழகி, லே ஃபீய் த இல்லிகதாத் குழுவை அமைத்தார். அவர்கள் கிட்டாரைத் திந்தேயோடும், தண்ணீரில் கவிழ்த்த சுரைக்குடுவைத் தாளத்தோடும் சேர்க்கிறார்கள். மாலிப் பெண்களின் தர்த்தித் குழு 1995ல் புர்கினா ஃபாசோ அகதி முகாமில் உருவானது. ஆண்களின் முகாம் கதை மட்டும் தெரிந்தவர்கள் இந்தக் குழுவை அவசியம் கேட்க வேண்டும்.

நைஜர் பக்கம் யாரைக் கேட்பது?

அப்தல்லா உம்பாதுகு முன்னோடி, 2020ல் மறைந்தார். அகதேஸ் அருகே 1980ல் பிறந்த பொம்பினோ 1990ல் சிறுவனாக அல்ஜீரியாவுக்கு ஓடினார். 2007 கிளர்ச்சியில் அவரோடு வாசித்த இருவர் கொல்லப்பட, புர்கினா ஃபாசோவுக்குப் போனார். 2010ல் திரும்பி அகதேஸ் பெரிய மசூதியருகே வாசித்தார். ம்தூ மொக்தாரின் ஆரம்பப் பாட்டுகள் பரவியது கைப்பேசி மெமரி கார்டு வழியாக. கேசட் செய்த வேலையை அடுத்த தலைமுறையில் அது செய்தது. 2023 ஜூலையில் நைஜரில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபோது அவர் குழு அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது.

நாடிழந்த காலம் முடிந்துவிட்டதா?

இல்லை. 2012 ஏப்ரலில் வடக்கு மாலியில் 'அசவாத்' என்று தனிநாடு அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் ஆயுத மதவாதக் குழுக்கள் அந்தப் பகுதியைப் பிடித்து இசையையே தடை செய்தன. 2001 முதல் நடந்த பாலைவன இசைவிழா நின்றது. 2013 ஜனவரியில் தினாரிவெனின் இன்திதாவோ தன் கிட்டார்களைக் காப்பாற்றப் போனபோது பிடிபட்டார், பிறகு விடுவிக்கப்பட்டார். லட்சக்கணக்கானோர் மௌரித்தானியாவின் ம்பெரா போன்ற முகாம்களுக்குப் போனார்கள். 2023 நவம்பரில் கிடால் மறுபடி மாலி ராணுவத்தின் கைக்கு வந்தது. மறுபடி மக்கள் எல்லை தாண்டினார்கள். தினாரிவெனின் பிற்காலப் பதிவுகள் அல்ஜீரியக் கூடாரம், கலிஃபோர்னியா, மொராக்கோ, நுவாக்‌ஷோத் என்று அலைவது விருப்பத்தால் மட்டும் அல்ல.

எந்தப் பதிவை முதலில் கேட்பது?

'அமன் இமான்' (2007). 1963ஐப் பாடும் பாட்டு அதில் இருக்கிறது, குழுவின் மின்கிட்டார் ஒலியும் முழுமையாகக் கிடைக்கும். அடுத்து 2012ல் கிராமி வென்ற 'தஸ்ஸிலி' (2011). அக்கூஸ்டிக் என்பதால் கட்டைவிரல் தனியாகக் கேட்கும், பழகுபவர்களுக்கு நல்ல பாடம். பிறகு பொம்பினோவின் 'அகதேஸ்' (2011), ம்தூ மொக்தாரின் 'ஆஃப்ரிக் விக்தீம்' (2021), தமன்ராசெட் இளைஞர் குழுவான இமர்ஹானின் 'அபூகி' (2022).

ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் தடவை கட்டைவிரலை மட்டும், இரண்டாம் தடவை கைதட்டலை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் தடவை, முன்பாடகர் எந்த இடத்தில் வரியைப் பாதியில் விடுகிறார், கூட்டுக்குரல் எங்கே அதை எடுத்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். தமாஷெக் தெரியாவிட்டாலும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த இடத்தில் விளங்கும்.